லாங்கர்ஹான்ஸ் செல் கிளம்பும் நேரமும் காட்டும் நேரமும்: எலிக் காதுத் தோலில் ஒரு செய்முறை

மேல்தோலில், அதன் பெரும்பகுதியான கெரட்டினோசைட் செல்களுக்கு நடுவே, நூறு செல்லுக்கு இரண்டு முதல் நான்கு என்ற கணக்கில் கிளைவிரித்து உட்கார்ந்திருப்பவை லாங்கர்ஹான்ஸ் செல்கள். 1868-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் தங்கக் குளோரைடு சாயத்தில் இவற்றைக் கண்டார். கிளைகளைப் பார்த்து நரம்புச் செல்கள் என்று நினைத்தார். இவை நோயெதிர்ப்புச் செல்கள் என்பது உறுதிப்பட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

தோலில் காயமோ கிருமியோ வேதிப்பொருளோ பட்டால் இந்தச் செல்லிடம் இரண்டு மாற்றங்கள் தொடங்குகின்றன. ஒன்று இடப்பெயர்ச்சி: மேல்தோலை விட்டு அடித்தோலுக்கு இறங்கி, நிணநீர் நாளத்தில் நுழைந்து, நிணநீர்க் கணுவுக்குப் போகும். மற்றது உள்ளிருந்து வெளியே: செல்லுக்குள் நுண்பைகளில் பதுங்கியிருந்த எம்.எச்.சி-2 மூலக்கூறுகள், ஆன்டிஜனின் (நோயெதிர்ப்பு அடையாளம் காணும் அந்நியப் பொருளின்) துண்டைச் சுமந்துகொண்டு செல்லின் மேற்பரப்புக்கு வந்து, அதை டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லுக்குக் காட்டும். இரண்டையும் கிளப்பிவிடும் சமிக்ஞை பெரும்பாலும் ஒன்றே. ஆனால் இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை. ஒன்றை அளந்துவிட்டு மற்றதும் நடந்திருக்கும் என்று எழுதிவிடுவதே இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. ஒரே எலியின் காதிலிருந்து இரண்டையும் தனித்தனியாக அளக்கும் வழி கீழே இருக்கிறது.

செல்லுக்குள் நடப்பதை முதலில் மனதில் வாங்க

எம்.எச்.சி-2 எண்டோபிளாச வலையில் உருவாகும்போதே அதன் பள்ளத்தில் இன்வேரியன்ட் சங்கிலி என்ற புரதம் அடைத்துக்கொள்ளும். அதே சங்கிலிதான் மூலக்கூறை லைசோசோம் பக்கமாக வழிநடத்தும். அங்கே கதெப்சின்-எஸ் நொதி சங்கிலியை வெட்ட, கிளிப் என்னும் சிறு துண்டு மட்டும் பள்ளத்தில் மிஞ்சும். எலியில் எச்2-எம், மனிதரில் எச்.எல்.ஏ-டி.எம். என்ற உதவிப் புரதம் கிளிப்பைக் கழற்றிவிட்டு ஆன்டிஜன் பெப்டைடை அமர்த்தும்.

அமைதியாக இருக்கும் செல்லிலும் எம்.எச்.சி-2 மேற்பரப்புக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் மார்ச்-1 என்ற நொதி அதன் பீட்டா சங்கிலியின் 225-ஆம் லைசினில் யுபிக்விட்டின் என்ற குறிப்புப் புரதத்தை ஒட்டி உள்ளே இழுத்து, சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. செல் முதிரும்போது மார்ச்-1 குறையும், அதற்கு எதிராக வேலை செய்யும் சி.டி.83 என்ற புரதம் கூடும், நுண்பைகளிலிருந்து குழாய்போல நீளும் சவ்வுகள் மைக்ரோடியூபுல் தடத்தில் மேற்பரப்பை நோக்கிப் போகும். மேலே வந்த மூலக்கூறு இப்போது நெடுநேரம் அங்கேயே நிற்கும். பிறகு புதிய எம்.எச்.சி-2 உற்பத்தியே தணிந்துவிடும்.

செய்முறைக்கு இதிலிருந்து இரண்டு விளைவுகள். முதலாவது, மொத்த எம்.எச்.சி-2 ஒளிர்வைக் கொண்டு 'காட்டுதல்' பற்றி எதுவும் சொல்ல முடியாது. மேற்பரப்பில் எவ்வளவு என்று பிரித்தே பார்க்க வேண்டும். இரண்டாவது, முழுப் புரதத்தை ஆன்டிஜனாகக் கொடுப்பதென்றால் ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டும். இரண்டு நாள் வளர்த்து முதிர்ந்த செல் டி செல்லைத் தூண்டுவதில் கெட்டி, ஆனால் புதுப் புரதத்தை வெட்டிப் பள்ளத்தில் வைப்பதில் பலவீனம். 48-ஆம் மணியில் புரதம் சேர்த்துவிட்டு, செல் காட்டவில்லை என்று முடிவு கட்டியவர்கள் பலர்.

காதைத் தேர்ந்தெடுப்பது, பிரிப்பது

6 முதல் 10 வார வயதுள்ள, பிளாக்-6 என்ற ஆய்வக வகைச் சுண்டெலி வசதி. விலங்கு நெறிக்குழுவின் அனுமதி கையில் இருந்தபின்தான் தொடங்க வேண்டும். காதில் துளையிட்டோ உலோக வளையம் மாட்டியோ அடையாளம் வைத்த எலிகளைத் தவிர்க்கவும். அந்தக் காயமே செல்களைக் கிளப்பிவிட்டிருக்கும். ஒன்றாக அடைத்த ஆண் எலிகள் சண்டையிட்டுக் காதைக் கடித்துக்கொள்ளும். பெண் எலிகள் இந்த வேலைக்கு நிம்மதி. முடி நீக்கும் கிரீமும் ஒட்டுநாடாவும் காதில் வேண்டாம். இரண்டுமே லாங்கர்ஹான்ஸ் செல்லை எழுப்பிவிடும்.

அனுமதிக்கப்பட்ட முறையில் எலியைக் கருணைக்கொலை செய்தபின், காதை 70% எத்தனாலில் துடைத்து காற்றில் முழுவதும் உலரவிடுங்கள். ஈரம் இருந்தால் இடுக்கி வழுக்கும், பிரிப்பது சிரமம். காதை அடியோடு வெட்டி, வெட்டிய விளிம்பில் நுனி கூரான இரண்டு இடுக்கிகளால் இரு பக்கத் தோலையும் பிடித்து மெதுவாக எதிரெதிரே இழுத்தால் இரண்டு இதழாகப் பிரியும். குருத்தெலும்பு உள்பக்க இதழோடு போகும். முதுகுப் பக்க இதழ் மெல்லியதாக, குருத்தெலும்பு இல்லாமல் வரும். எண்ணிக்கைக்கும் வெளியேறும் செல்களைச் சேகரிக்கவும் முதுகுப் பக்க இதழையே எல்லா எலியிலும் பயன்படுத்துங்கள். இரண்டு இதழ்களையும் கலந்தால் எலிக்கு எலி வரும் வேறுபாடு பெரிதாகிவிடும்.

மீடியம்: ஆர்.பி.எம்.ஐ. 1640, அதில் சூட்டில் செயலிழக்கச் செய்த 10% கன்றுக்குட்டி சீரம், 2 மில்லிமோலார் குளூட்டமின், 50 மைக்ரோமோலார் 2-மெர்காப்டோஎத்தனால், பெனிசிலின் மி.லி.க்கு 100 யூனிட், ஸ்ட்ரெப்டோமைசின் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். 24 குழித் தட்டில் குழிக்கு 1 முதல் 2 மி.லி. ஊற்றி, அடித்தோல் பக்கம் கீழே இருக்க இதழை மிதக்கவிடுங்கள். சுருண்டுகொண்டால் இடுக்கி நுனியால் ஓரங்களை விரிக்கவும். மடிந்த இதழிலிருந்து செல்கள் வெளியே வராது. 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு.

24-ஆம் மணியில் இதழைப் புது மீடியம் உள்ள அடுத்த குழிக்கு மாற்றுங்கள், 48-இல் மறுபடியும். 72-இல் நிறுத்தலாம். ஒவ்வொரு குழியின் அடியிலும் சேர்ந்திருப்பவை அந்த இடைவெளியில் தோலைவிட்டு வெளியேறிய செல்கள். இப்படிக் குழி மாற்றுவது சிறு வேலைதான், ஆனால் நகர்வுக்கு ஒரு கால அளவுகோலே இதனால் கிடைக்கிறது. மூன்று நாளும் ஒரே குழியில் விட்டால் முதல்நாள் வந்த செல்கள் அங்கேயே கிடந்து முதிர்ந்து, கடைசி நாள் வந்ததோடு கலந்துபோகும்.

நகர்வை விரைவாக்க வேண்டுமானால் செல்களை ஈர்க்கும் சி.சி.எல்.21 கீமோகைனை மி.லி.க்கு 100 நானோகிராம் சேர்க்கலாம். அதன் ஏற்பி சி.சி.ஆர்.7. அது இல்லாத எலியின் தோலிலிருந்து மிகச் சிலவே வெளியேறும், ஆகவே அந்த எலி நல்ல எதிர்மறைக் கட்டுப்பாடு. அந்த எலி கிடைக்காத ஆய்வகத்தில், ஒரு இதழை 4 டிகிரியில் வைத்தாலே போதும். குளிரில் செல் ஊராது. அந்தக் குழியில் செல்கள் இருந்தால் அவை இதழ் கிழிந்து உதிர்ந்தவை.

ஒன்றை மறக்கக் கூடாது. காதைப் பிரித்ததே ஒரு காயம். அந்தக் கணமே கெரட்டினோசைட்கள் ஐ.எல்-1, டி.என்.எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களை விடத் தொடங்கும். ஆகவே இதழ் வளர்ப்பில் பார்ப்பது எப்போதும் தூண்டப்பட்ட நகர்வு. தூண்டாத நிலையிலும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கணுவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அதை இந்த முறையால் அளக்க முடியாது.

மேல்தோல் தாள்: எத்தனை மிச்சம்?

வெளியேறியவற்றை மட்டும் எண்ணினால் கணக்கு பாதிதான். தோலில் எத்தனை மிச்சம் என்பதையும் எண்ண வேண்டும். அதற்கு மேல்தோலைத் தனித் தாளாக உரிக்கிறோம்.

0.5 மோலார் அம்மோனியம் தயோசயனேட்டை 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில், பி.எச். 6.8-இல் கரைக்கவும். 100 மி.லி.க்கு 3.8 கிராம். அன்றே கரைத்ததைப் பயன்படுத்துங்கள். இதழை அடித்தோல் பக்கம் கீழே வைத்து 37 டிகிரியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பி.பி.எஸ். உப்புக் கரைசலில் அலசி, ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் விளிம்பிலிருந்து உரித்தால் மேல்தோல் ஈர வெங்காயச் சருகு போல வரும். உரியாமல் கிழிந்தால் நேரம் போதவில்லை. இன்னும் 5 நிமிடம் கொடுங்கள். வழவழப்பாகி நூல் நூலாகப் பிய்ந்தால் நேரம் அதிகமாகிவிட்டது. 72 மணி வளர்த்த இதழ் புதிய இதழைவிட விரைவாக உரியும், அதனால் ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் தனியாகச் சோதித்து நிமிடத்தை நிர்ணயிக்கவும். உரித்தபின் மிஞ்சும் அடித்தோலை எறிந்துவிடாதீர்கள். அடுத்த பகுதிக்கு அது வேண்டும்.

தாளை அசிட்டோனில் அறை வெப்பத்தில் 20 நிமிடம் நிலைப்படுத்துங்கள். கண்ணாடிப் பாத்திரம் அவசியம். பாலிஸ்டைரீன் தட்டில் அசிட்டோனை ஊற்றினால் தட்டு கரைந்து மாதிரியோடு ஒட்டிக்கொள்ளும். புதிதாகச் சேர்பவர்களிடம் வேறெதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு பி.பி.எஸ்.-இல் மூன்று முறை அலசி, 1% பி.எஸ்.ஏ. (மாட்டு சீரப் புரதம்) உடன் 2.4ஜி2 ஆன்டிபாடி மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் சேர்த்து அரைமணி. இந்தச் செல்களில் எஃப்.சி. ஏற்பிகள் உண்டு, 2.4ஜி2 அவற்றை அடைக்கும். இந்தப் படியை விட்டுவிட்டால் எந்த ஆன்டிபாடியும் தன் வாலால் ஒட்டிக்கொண்டு பொய்யாக ஒளிரும்.

எம்.எச்.சி-2-க்கு எம்5/114.15.2 என்ற ராட் எலி (பெரிய எலியினம்) ஆன்டிபாடி, மி.லி.க்கு 2.5 முதல் 5 மைக்ரோகிராம், 4 டிகிரியில் இரவு முழுக்க. சுண்டெலியின் எம்.எச்.சி-2 இரண்டு வகை: ஐ-ஏ, ஐ-ஈ. பிளாக்-6 எலியில் ஐ-ஈ மூலக்கூறு இல்லை, ஐ-ஏ மட்டுமே. எம்5/114 அதைப் பிடிக்கும். ஐ-ஈ மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை எடுத்து பிளாக்-6 தாளில் போட்டால் ஒன்றும் தெரியாது. கூடவே, லாங்கர்ஹான்ஸ் செல்லை அடையாளம் காட்டும் லாங்கரின் புரதத்துக்கான ஆன்டிபாடியும் போடுங்கள்.

தாளைக் கண்ணாடியில் பரப்பும்போது அடிப்பக்கம் கவர்சிலிப்பை நோக்கி இருக்கட்டும். மேலே இருக்கும் இறந்த படலம் ஒளியைச் சிதறடிக்கும், தானாகவும் ஒளிரும்.

எண்ணுவது: 20 அல்லது 40 மடங்கு லென்ஸில், ஒரு இதழுக்குக் குறைந்தது 15 புலங்கள், எந்த மாதிரி எது என்று தெரியாதவர் எண்ண வேண்டும். 0.25 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தில் 50 செல் இருந்தால், பரப்பு 0.0625 சதுர மி.மீ., ஆகவே சதுர மி.மீ.க்கு 800. பிளாக்-6 காதில் சாதாரணமாக எதிர்பார்க்கும் வரம்பில்தான் இந்த எண். வெட்டு விளிம்புக்கு அருகே எண்ணாதீர்கள். அங்கே செல்கள் சீக்கிரமாகவும் சீரற்றும் கிளம்பியிருக்கும். இதழ் சுருங்கியோ நீண்டோ போயிருந்தால் அடர்த்தி மாறிவிடும் என்பதால், முடிவேர்களின் இடைவெளியையும் குறித்துவைத்து ஒப்பிடுவது நல்லது.

24 மணியில் தாளில் மிஞ்சிய செல்கள் குறைந்திருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் பெரிதாகவும் பளிச்சென்றும் தெரியும். அசிட்டோன் சவ்வைத் திறந்துவிடுவதால் இங்கே தெரிவது உள்ளும் வெளியும் சேர்ந்த மொத்தம். இந்தப் பளிச்சைப் பார்த்து 'மேற்பரப்புக்கு வந்துவிட்டது' என்று எழுதக் கூடாது.

அடித்தோலில் வரிசைகள்

எடுத்துவைத்த அடித்தோலையும் அசிட்டோனில் நிலைப்படுத்தி, எம்.எச்.சி-2-உம் நிணநீர் நாளத்தைக் காட்டும் லைவ்-1-உம் சேர்த்துச் சாயமேற்றுங்கள். தடிப்பான திசு என்பதால் ஆன்டிபாடிக்கு இரவு முழுக்க நேரம் கொடுத்து, அலசலை ஒவ்வொன்றும் அரைமணியாக நீட்டவும். வளர்ப்பின் 24 முதல் 48-ஆம் மணிவரை நாளங்களுக்குள் செல்கள் மணிகோத்தது போல வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். 1990-இல் ஸ்டைன்மன் குழுவினர் ஒட்டுத்தோலிலும் வளர்ப்புத் தோலிலும் விவரித்த காட்சி இது. வரிசை தெரிந்தால் செல்கள் வெறுமனே உதிரவில்லை, நாளத்தைத் தேடிப் போயிருக்கின்றன என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

வழியில் எங்கே தடைபட்டது என்று கண்டுபிடிக்கவும் இந்த இரண்டு தாள்கள் போதும். மேல்தோலில் எண்ணிக்கை குறையவே இல்லையென்றால் கெரட்டினோசைட்டைப் பிடித்திருக்கும் ஈ-கேடரின் பிணைப்பு தளரவில்லை, அல்லது அடிச்சவ்வைத் தாண்ட உதவும் எம்.எம்.பி-9, எம்.எம்.பி-2 நொதிகள் தடைபட்டிருக்கின்றன. மேல்தோலில் குறைந்து, அடித்தோலில் நாளத்துக்கு வெளியே செல்கள் சிதறிக்கிடந்தால் சி.எக்ஸ்.சி.ஆர்.4 அல்லது சி.சி.ஆர்.7 ஏற்பியின் பக்கம் தேடுங்கள். நாளம் நிரம்பியும் குழியில் ஒன்றுமில்லையென்றால் பெரும்பாலும் இதழ் மடிந்திருக்கும், நாளத்தின் வாய் அடைபட்டிருக்கும்.

உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

இந்தச் செய்முறையின் கனமான பகுதி இது. ஒரே ஆன்டிபாடியை இரண்டு நிறத்தில் பயன்படுத்துகிறோம்.

உயிருள்ள செல்களைப் பனிக்கட்டியில் வைத்து, 2.4ஜி2 போட்டபின், முதல் நிற எம்5/114-ஐ நிறைவு அளவில் 30 நிமிடம் கொடுங்கள். மேற்பரப்பு மூலக்கூறுகள் அனைத்தும் இந்த நிறத்தால் மூடப்பட வேண்டும். அளவைக் கூட்டிக்கொண்டே போய் ஒளிர்வு இனி ஏறாத இடத்தை முன்கூட்டியே கண்டறிந்து வைக்கவும். அலசி, 4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம். பிறகு 0.1% சப்போனின் கலந்த பஃபரில் இரண்டாம் நிற எம்5/114. இப்போது அது பிடிப்பது உள்ளே இருப்பவற்றை மட்டுமே. சப்போனின் திறக்கும் துளைகள் அதை நீக்கினால் மூடிக்கொள்ளும், ஆகவே இதற்கப்புறம் வரும் எல்லாச் சாயமேற்றலிலும் அலசலிலும் அது இருந்தாக வேண்டும். முதல் நிறம் போட்டபின் சப்போனின் இல்லாமல் இரண்டாம் நிறம் போட்ட ஒரு குழாய் கட்டாயம். அதில் ஒளிர்வு இருந்தால் முதல் நிறம் நிறைவு அடையவில்லை.

பனிக்கட்டி ஏன் என்றால், 37 டிகிரியில் ஆன்டிபாடியே மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்துவிடும். சி.சி.ஆர்.7 மட்டும் விதிவிலக்கு. அதன் ஆன்டிபாடி குளிரில் மோசமாகவும் 37 டிகிரியில் நன்றாகவும் ஒட்டும். அதற்குத் தனிக் குழாய் ஒதுக்குங்கள்.

நுண்ணோக்கியில் பார்ப்பதென்றால் லைசோசோமைக் காட்டும் லாம்ப்-1 ஆன்டிபாடியும் சேர்க்கலாம். 1டி4பி என்ற அந்த ஆன்டிபாடியும் எம்5/114-உம் ஒரே விலங்கினத்தில், அதாவது ராட் எலியில் உருவானவை. இரண்டாம்நிலை ஆன்டிபாடி கொண்டு சாயமேற்றினால் இரண்டும் ஒன்றாக ஒளிர்ந்து, எம்.எச்.சி-2 எல்லாம் லைசோசோமில் இருப்பதாகத் தோன்றும். நேரடியாகச் சாயம் இணைத்த ஆன்டிபாடிகளை மட்டும் வாங்குங்கள்.

'பூஜ்ய மணி' செல்லைப் பெறுவது கடினம். வழக்கமாக இதழை 0.8% டிரிப்சினில் 37 டிகிரியில் 45 நிமிடம் மிதக்கவிட்டு, மேல்தோலை உரித்து, சீரம் உள்ள மீடியத்தில் குலுக்கி, 70 மைக்ரான் வலையில் வடிகட்டுவார்கள். இதற்கே இரண்டு மணி போய்விடும், அதற்குள் செல் முதிரத் தொடங்கியிருக்கும். பிரித்ததும் நேராகப் பனிக்கட்டிக்குக் கொண்டுபோங்கள், எல்லா மாதிரிக்கும் ஒரே கால அட்டவணை வையுங்கள், அறிக்கையில் காதை வெட்டிய நேரத்திலிருந்து கணக்கிட்டு எழுதுங்கள். டிரிப்சின் சில மேற்பரப்புப் புரதங்களையும் வெட்டும். அது எம்.எச்.சி-2 அளவைப் பாதித்ததா என்று அறிய, தானாக வெளியேறிய செல்களில் ஒரு பகுதிக்கும் அதே டிரிப்சின் கொடுத்து ஒப்பிடவும்.

ஒழுங்காக நடந்தால் புதிய செல்லில் இரண்டாம் நிறம் மேலோங்கி, புள்ளி புள்ளியாக லாம்ப்-1 உடன் பொருந்தி நிற்கும். 48 மணியில் வெளியேறிய செல்லில் முதல் நிறம் ஓரத்தை வளைத்துப் படர்ந்திருக்கும், உள்ளே கொஞ்சமே. இரண்டு நிறங்களின் விகிதமே உங்கள் அளவு.

குழியில் சேர்ந்த செல்கள் எல்லாம் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்று எண்ண வேண்டாம். ஆன்டிஜனைக் காட்டும் இன்னொரு வகையான, அடித்தோலின் டென்ட்ரிட்டிக் செல்களும் அதே குழியில்தான் விழும், முதல் 24 மணியில் அவையே அதிகம். லாங்கரினை மட்டும் நம்பவும் முடியாது: லாங்கரின் உள்ள அடித்தோல் செல்வகை ஒன்று 2007-இல் கண்டறியப்பட்டது. செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சி.டி.45, சி.டி.11சி, எம்.எச்.சி-2 என்ற அடையாளப் புரதங்கள் மூன்றும் உள்ளவற்றில், லாங்கரின் உண்டு, எப்கேம் உண்டு, சி.டி.103 இல்லை என்பவற்றைப் பிரியுங்கள். லாங்கரினைச் செல்லைத் திறந்தபின் சாயமேற்றவும். முதிரும் செல்லில் மேற்பரப்பு லாங்கரின் குறைந்துவிடும்.

உயிருள்ள எலியில்: எஃப்.ஐ.டி.சி. பூச்சு

தோல்முதல் கணுவரை முழுப் பயணத்தையும் அளக்க, ஒளிரும் எஃப்.ஐ.டி.சி.யைத் தோலில் பூசி, கணுவில் பச்சைச் செல்களை எண்ணும் முறை 1980-களிலிருந்து இருக்கிறது. அசிட்டோனும் டைபியூட்டைல் தாலேட்டும் சம பங்கு கலந்து அதில் 1% எஃப்.ஐ.டி.சி. கரைத்து, ஒரு காதுக்கு 25 மைக்ரோலிட்டர், இரு பக்கமும் பிரித்துப் பூசவும். பயன்படுத்தும் நேரத்தில்தான் கரைக்க வேண்டும். இந்தச் சாயம் மனிதத் தோலிலும் சுவாசத்திலும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது, தூளைப் புகைக்கூண்டுக்குள் எடை போடுங்கள், இரட்டைக் கையுறை.

காதின் நிணநீர் அதே பக்கத்துக் காதோரக் கணுவுக்குப் போகிறது. அதைக் கொலாஜினேஸ்-டி மி.லி.க்கு 1 மி.கி., டி.என்.ஏ.ஸ்-1 மி.லி.க்கு 0.1 மி.கி. சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம் செரிக்கவிட்டு, 10 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. கொடுத்து 5 நிமிடம் விட்டு வடிகட்டவும். கொலாஜினேஸ் இல்லாமல் கணுவை வெறுமனே நசுக்கினால் டி செல்கள்தான் வரும், தேடும் செல்கள் நாரில் ஒட்டிக்கொண்டு போய்விடும்.

24-ஆம் மணியில் மட்டும் பார்த்தால் லாங்கர்ஹான்ஸ் செல்லைப் பற்றி எதுவும் சொன்னதாகாது. அடித்தோல் செல்கள் ஒன்றிரண்டு நாளிலேயே வந்துவிடும். லாங்கர்ஹான்ஸ் செல்கள் அடிச்சவ்வைத் தாண்ட வேண்டியிருப்பதால் மூன்றாம் நான்காம் நாள்தான் கணிசமாகத் தெரியும். 24, 48, 72, 96 என நான்கு புள்ளிகள் வையுங்கள்.

பச்சை எல்லாம் பயணி ஆகிவிடாது. தனியே கசிந்த சாயம் நிணநீரோடு ஓடிவந்து, கணுவிலேயே வசிக்கும் செல்களிலும் ஒட்டும். அவற்றில் சி.டி.11சி அதிகம், எம்.எச்.சி-2 நடுத்தரம், வந்து சேர்ந்தவற்றில் எம்.எச்.சி-2 மிக அதிகம். இதே காரணத்தால் தோலில் செலுத்திய கரையும் புரதமும் இரண்டு அலையாகக் கணுவில் தெரியும்: சில மணிகளில் வசிக்கும் செல்களில், ஏறத்தாழ ஒரு நாள் கழித்துத் தோலிலிருந்து வந்தவற்றில். டைபியூட்டைல் தாலேட்டும் சும்மா இருக்கும் கரைப்பான் இல்லை, நகர்வைத் தானே தூண்டும். கரைப்பான் மட்டும் பூசிய காதைக் கட்டுப்பாடாக வைக்காத முடிவை நம்ப வேண்டாம்.

சமிக்ஞையைத் தனியாகச் சோதிக்க, காதின் தோலுக்குள் டி.என்.எஃப்-ஆல்ஃபா 50 நானோகிராமை 30 மைக்ரோலிட்டரில் செலுத்தலாம். அரைமணியிலேயே மேல்தோல் தாளில் அடர்த்தி குறையத் தொடங்கும். 0.1% பி.எஸ்.ஏ. மட்டும் செலுத்திய காது கட்டுப்பாடு, ஊசி குத்தியதே தூண்டுதல் என்பதால்.

நேரடியாகப் படம் எடுக்க

எம்.எச்.சி-2 பீட்டா சங்கிலியின் வாலில் பச்சை ஒளிர்புரதம் இணைத்த எலிவகை 2002-இல் வெளியானது. வால் சைட்டோசோல் பக்கம் இருப்பதால் லைசோசோமின் அமிலம் ஒளிர்வை அணைக்காது. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் இரண்டும் தெரியும். இருஃபோட்டான் நுண்ணோக்கியில் 920 நானோமீட்டர் லேசர், 1 முதல் 2 மைக்ரான் இடைவெளியில் 30 மைக்ரான் ஆழம்வரை, 1 முதல் 2 நிமிடத்துக்கு ஒரு அடுக்கு. கொலாஜன் தரும் இரண்டாம் ஒத்திசை ஒளி அடித்தோலின் எல்லையைக் காட்டிவிடும், அதற்குத் தனிச் சாயம் தேவையில்லை. அசிட்டோன் பச்சைப் புரதத்தை அழித்துவிடும். இந்த எலியின் தாள்களைப் பாராஃபார்மால்டிஹைடில்தான் நிலைப்படுத்த வேண்டும்.

அமைதியான தோலில் செல்லின் உடல் கிட்டத்தட்ட அசையாது. கிளைகள் மட்டும் நீண்டு சுருங்கி அக்கம்பக்கத்தைத் தடவிக்கொண்டிருக்கும். தூண்டினால் இந்த அசைவு கூடும், பிறகு உடலும் நகரும். ஆனால் லேசர் சூடும் ஒரு தூண்டுதலே. படமெடுக்கும் இடத்தில் மட்டும் கிளைகள் ஒரு புள்ளியை நோக்கி நீண்டாலோ, திடீரென்று மஞ்சளாகத் தானொளிர்வு தோன்றினாலோ, திசு எரிகிறது, சக்தியைக் குறையுங்கள். மயக்க மருந்தில் எலியின் உடல் வெப்பம் இறங்கும், அதோடு செல்லின் வேகமும் இறங்கும். காதுக்கும் உடலுக்கும் தனித்தனி வெப்பத்தட்டு வையுங்கள். மூச்சசைவால் படம் நகர்ந்தால் முடிவேர்களை நங்கூரமாகக் கொண்டு திருத்தலாம்.

டி செல் ஒப்புக்கொள்கிறதா?

மேற்பரப்பில் எம்.எச்.சி-2 இருந்தாலும், பள்ளத்தில் நீங்கள் கொடுத்த பெப்டைடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இதற்கு இரண்டு வழி. ஒய்-ஏஇ என்ற ஆன்டிபாடி, ஈ-ஆல்ஃபா புரதத்தின் 52 முதல் 68 வரையான துண்டு பிளாக்-6 எலியின் ஐ-ஏ மூலக்கூறில் அமர்ந்திருந்தால் மட்டுமே ஒட்டும். ஈ-ஆல்ஃபா புரதத்தைக் கொடுத்து, மேற்பரப்பில் ஒய்-ஏஇ எப்போது ஏறுகிறது என்று பார்த்தால் காட்டுதலின் கடிகாரம் நேரடியாகக் கிடைக்கும். ஈ-ஆல்ஃபா என்பது ஐ-ஈ மூலக்கூறின் ஒரு சங்கிலி. பிளாக்-6 எலி அதைச் சொந்தமாக உருவாக்குவதில்லை, அதில் ஐ-ஈ இல்லாததற்கும் அதுவே காரணம். அதனால்தான் இந்தச் சோதனை இந்த எலியில் சுத்தமாக வருகிறது.

மற்றது டி செல்லையே கேட்பது. ஓவால்புமின் 323–339 துண்டை அறியும் ஓ.டி-2 டி செல்களுக்கு, பெருக்கத்தைக் காட்டும் சி.எஃப்.எஸ்.ஈ. சாயமிட்டு, வட்ட அடி 96 குழித் தட்டில் ஒரு லட்சம் டி செல்லுக்குப் பத்தாயிரம் லாங்கர்ஹான்ஸ் செல் சேர்த்து மூன்று நாள் வையுங்கள். ஒரு வரிசைக்கு முழுப் புரதம், இன்னொன்றுக்கு ஆயத்தப் பெப்டைடு மி.லி.க்கு 1 மைக்ரோகிராம், மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. பெப்டைடுக்குப் பெருகி, புரதத்துக்குப் பெருகாவிட்டால் வெட்டி அமர்த்தும் வேலையில் குறை. இரண்டுக்கும் பெருகாவிட்டால் மேற்பரப்பிலோ டி செல்லிலோ குறை. கடைகளில் கிடைக்கும் சாதாரண ஓவால்புமினில் பாக்டீரிய நச்சு கலந்திருக்கும், அதுவே செல்லை முதிர வைத்துவிடும். நச்சு நீக்கியதென்று சான்றுள்ளதையே வாங்குங்கள்.

புரதத்தை இதழை மிதக்கவிடும் முதல் மணியிலேயே மீடியத்தில் சேர்த்துவிட்டு, 24, 48, 72 குழிகளின் செல்களைத் தனித்தனியாக டி செல்லோடு வைத்தால், எத்தனை வெளியேறின, மேற்பரப்பில் எவ்வளவு, டி செல் எவ்வளவு பெருகியது என்ற மூன்று வரைகோடுகளும் ஒரே நேர அச்சில் வந்து உட்காரும். கணக்கிடும்போது ஒரு எலியின் இரண்டு காதுகளையும் இரண்டு மாதிரியாக எண்ணாதீர்கள். மாதிரி எண்ணிக்கை எலியின் எண்ணிக்கைதான்.

மனிதத் தோலில் மாற்ற வேண்டியவை

எழுத்துபூர்வ ஒப்புதலோடு அறுவைசிகிச்சையில் மிஞ்சும் தோலை 4 டிகிரியில் கொண்டுவந்து அன்றே பயன்படுத்த வேண்டும். தோல் சீவும் டெர்மடோம் கருவியால் 0.3 மி.மீ. தடிப்பில் சீவி, டிஸ்பேஸ்-2 நொதி மி.லி.க்கு 2.4 யூனிட் உள்ள கரைசலில் 4 டிகிரியில் இரவு முழுக்க ஊறவைத்தால் மறுநாள் மேல்தோல் உயிரோடு உரியும். அடையாளங்கள் மாறும்: எம்5/114-க்குப் பதில் எச்.எல்.ஏ-டி.ஆர். பிடிக்கும் எல்243, லாங்கரினோடு சி.டி.1ஏ. கிளிப் இன்னும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் மூலக்கூறைப் பிடிக்கும் செர்கிளிப்.1 ஆன்டிபாடி மனித எச்.எல்.ஏ-டி.ஆருக்குத்தான், எலியில் போட்டுப் பயனில்லை. கொடையாளரின் வயது, தோல் எந்த உடற்பகுதியிலிருந்து வந்தது, வெயில் படும் இடமா என்பதை ஒவ்வொரு துண்டோடும் எழுதிவையுங்கள். புற ஊதாக் கதிர் பட்ட தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். வயிற்றுத் தோலையும் முகத் தோலையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தால் நகர்வு என்று நீங்கள் குறிப்பது வெயிலாக இருக்கலாம்.